நாம் கடந்தோம்

பிழை திருத்தும்படி ஒரு தமிழ்க் கட்டுரையைக் கொடுப்பவர், அதில் பிழை இருக்க வேண்டும் என்று விரும்பியே கொடுத்தால் எனக்குக் கோபம் வரும். ராஜீவ் அப்படித்தான் கொடுத்தார்.

தமிழாசிரியப் பணியில் ஓய்வுபெற்று நான் வந்து தங்கியிருக்கும், துபாயில் என் மகள் குடியிருக்கும் கட்டடத்தில் மேல்தளத்துப் பொறியாளர் அவர். மோர்மோன் என்னும் கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர். அச்சபையின் முன்னோடிகள் அமெரிக்கச் சமவெளிகளை மாட்டுவண்டிகளில் கடந்து, ஒரு ஜூலை மாதத்தில் சால்ட் லேக் எனப்படும் உப்பேரிப் பள்ளத்தாக்கை அடைந்தார்களாம். அந்நாளை ஒட்டிய ஞாயிறன்று இங்குள்ள தமிழர்கள் கூடுகிறார்கள். இவ்வாண்டு எபினேசர் என்னும் முன்னோடியின் வாழ்க்கையை வாசிப்பதாக ஏற்பாடு. பயணக் கூட்டத்தின் பதிவாளராக, வழிநெடுகப் பிறப்பையும் இறப்பையும் எழுதிவந்தவர் அவர். தமிழாக்கியவர் செவிலியர் தேவகனி, தூத்துக்குடிக் கடற்கரைக்காரர்.

சோனாப்பூர் முகாமிலிருந்து வரும் தொழிலாளர்கள் ஆங்கிலம் புரியாமல் வாரந்தோறும் வெறுமனே அமர்ந்திருப்பதைக் காணப் பொறுக்காமல், பணி போக எஞ்சிய பொழுதெல்லாம் அவர் இதற்காக உழைத்திருக்கிறார். ராஜீவுக்கோ ஆங்கிலமே கௌரவம். தமிழ் பிழையானது என்று நான் சொல்லிவிட்டால், ஆங்கிலத்திலேயே வாசித்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

ஒற்றுப்பிழைகள் இருந்தன, திருத்தினேன். ராஜீவ் பிடித்துக்கொண்டது வேறொன்றை. பதிவாளரின் குறிப்பேட்டு வரியாக, ‘நாம் ஆற்றைக் கடந்தோம்’ என்று தேவகனி எழுதியிருந்தார்.

“கேக்கிறவங்களா சார் ஆத்தைக் கடந்தாங்க? ‘நாங்கள்’னுதானே வரணும்? இதுகூடத் தெரியாம ஒரு டிரான்ஸ்லேஷன்” என்றார் ராஜீவ்.

கேள்வி நியாயமானது, அதனாலேயே எரிச்சல் மிகுந்தது. ‘நாம்’ கேட்பவரையும் உள்ளடக்கும், ‘நாங்கள்’ விலக்கும். தேவகனியை வரவழைத்தோம். அந்தச் சொல்லை மாற்றிவிடுமாறு ராஜீவ் கூறினார்.

“மாத்த மாட்டேன் தம்பி” என்றார் தேவகனி.

பிடிவாதம் இலக்கணமாகாது என்று அவரைக் கண்டித்தேன். பிறகு, எபினேசர் இதை யாருக்காக எழுதினார் என்று கேட்டேன்.

“கூட வந்தவங்களுக்குத்தான் சார். அன்னன்னைக்கு எழுதுனத வண்டிக்காரங்க நடுவுல நின்னு வாசிச்சிருக்காரு. தப்பு இருந்தா அங்கயே சொல்லிருவாங்கல்லா?”

அப்படியானால் கேட்டவர்களும் ஆற்றைக் கடந்தவர்களே. ‘நாங்கள்’ என்று திருத்தியிருந்தால் அதுதான் பிழை. தாளின் அடியில், ‘தமிழிலேயே வாசிக்கத் தக்கது’ எனச் சிவப்பு மையால் எழுதி, ஒப்பமிட்டு, ராஜீவிடம் நீட்டினேன். அவர் அதை இருமுறை படித்தார்.

“வேட்டிய மடிச்சுக் கட்டுங்க தம்பி. நீங்களும் ஆத்துல எறங்கணும்” என்றார் தேவகனி.

ஞாயிறன்று நானும் போய்க் கடைசி வரிசையில் அமர்ந்தேன். தேவகனி நிதானமாக வாசித்தார். வாசிப்பு ஆற்றங்கரையை அடைந்ததும், சாரம் கட்டும் தொழிலாளியான வீரபாண்டி எழுந்து, மாடுகள் நீந்தினவா என்று கேட்டார். வண்டியைக் கழற்றித்தான் அக்கரை சேர்த்திருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். சக்கரத்தைக் கழற்றினால் போதும் என்று மூன்றாமவர் வாதிட்டார். இத்தனை வாரம் வாய் திறவாதிருந்தவர்கள் அவர்கள். ராஜீவ் அமைதிப்படுத்தப் பார்த்து, முடியாமல், ஆறு எவ்வளவு ஆழம் என்று தாமே தேவகனியிடம் கேட்டுவிட்டார்.

குறித்த நேரம் கடந்தது. முகாமுக்குத் திரும்பும் பேருந்தின் ஓட்டுநர் வாசலில் நின்று, “யல்லா, யல்லா” என்று கிளம்பச் சொல்லி அவசரப்படுத்தினார். ஒருவரும் எழவில்லை.

வீரபாண்டி திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தினார்.

“பொறு பாய். வண்டி நடு ஆத்துல நிக்குது.”