கோழிக்குக் காவல்

கோழியின் கால்களை நான்தான் கட்டினேன். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்துகொண்டது. "விடுக்கா, நான் கட்டுறேன்" என்று தம்பி புஸியான் கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. அந்தக் கோழியை வம்புக்கு இழுத்தவள் நான், கட்ட வேண்டியவளும் நான்தான். அவன் இடுப்பில் கத்தி இருந்தது. எங்கள் ரிஃப் மலையில் பெண்கள் கோழியை வளர்க்கலாம், சமைக்கலாம், அறுக்கக் கூடாது. அதற்காகத்தான் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். அதற்காக மட்டும்தான்.

வியாழக்கிழமைச் சந்தை அன்று. படைக்கு ஆள் ஏற்றும் லாரி நண்பகலில் கிளம்பிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் ஹத்தூவை அதிலிருந்து இறக்கியாக வேண்டும். கோழியைக் கொடுத்தவள் ஹத்தூவின் அம்மா. என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாள்.

கடலுக்கு அப்பால் ஸ்பானியர்களுக்குள் பங்காளிச் சண்டை. எவன் ஜெயித்தால் எங்களுக்கு என்ன, எவன் தோற்றால் என்ன? ஆனால் மூன்று வருஷமாக மழை இல்லை, பார்லி விதைத்தவன் விதையைக்கூடத் திரும்பப் பார்க்கவில்லை. படையில் சேர்ந்தால் வீட்டுக்கு எண்ணெய், சர்க்கரை, தினமும் ரொட்டி என்றார்கள். வீட்டுக்கு ஒருவனாகக் கப்பலேறினார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தலைமேல் விஷப்புகை கொட்டிய அதே படைக்கு எங்கள் பிள்ளைகளே சிப்பாய்கள். ஹத்தூவின் அப்பா ஷயிப்புக்குக் கண் போனது அந்தப் புகையில்தான். "பட்டினி கிடந்து சாவேன், அவன் சட்டையை மாட்ட மாட்டேன்" என்று சந்தை நடுவில் சொன்னவன் ஹத்தூ. அவனை லாரியில் ஏற்றியது என் நாக்கு.

எங்கள் கல்யாணங்களில் கன்னிப்பெண்கள் கைகோத்து நின்று ஆளுக்கு இரண்டு அடி சொந்தமாகக் கட்டிப் பாட வேண்டும். எவன் மேல் மனசு இருக்கிறதோ அவனைத்தான் வாய்க்கு வந்தபடி கேலி செய்வார்கள். கேலிக்கு ஆளானவன் சிரித்துவிட்டு, மறுவாரம் பெரியவர்களைப் பெண் கேட்க அனுப்புவான். அதுதான் முறை. மலையிலேயே எனக்கு வாய் நீளம் என்ற பெயர் வேறு. பாடினேன்:

மீசை முளைச்சவன் எல்லாம் கப்பலேறிப் போயாச்சு
மிச்சம் இருந்த ஹத்தூ ஆத்தா கோழிக்குக் காவலாச்சு

கல்யாண வீடே குலுங்கிச் சிரித்தது. ஹத்தூ சிரிக்கவில்லை. பிள்ளைகளைக் கப்பலேற்றிவிட்டு அரை உயிராய் நின்ற தாய்மார்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. அவர்கள் சிரிக்காமல் அந்தப் பாட்டை எடுத்துக்கொண்டார்கள். இரண்டே நாளில் அது ஊற்றடியில், ஆட்டுக்கிடையில், அவன் வீட்டுச் சுவருக்குப் பின்னால் எல்லாம் கேட்டது. துப்பின எச்சிலையாவது மண் மூடும், பாடின பாட்டை என்ன செய்ய முடியும்? ஐந்தாம் நாள், ஹத்தூ படையில் சேரக் கட்டைவிரலை மையில் உருட்டிவிட்டான் என்று சேதி வந்தது.

நாங்கள் கோழியோடு சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது லாரியின் என்ஜின் ஓடத் தொடங்கியிருந்தது. பின்னால் ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். ஹத்தூ ஓரமாக, சந்தைக்கு முதுகைக் காட்டியபடி நின்றான். முன் இருக்கையில் ஒரு ஸ்பானிய அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆள் சேர்க்கும் சார்ஜென்ட் மிஸ்யான் எங்கள் மலைக்காரன்தான், பக்கத்துக் குலம். அவனை நம்பித்தான் வந்தேன். எங்களில் ஒருவன் காலடியில் ரத்தம் சிந்தி ஒன்றைக் கேட்டால், அதைக் கொடுக்காமல் அந்த ரத்தத்தைத் தாண்டக் கூடாது. தாண்டியவனின் வம்சம் தழைக்காது.

புஸியான் முன்சக்கரத்துக்கு எதிரே குந்தி, இறைவன் பெயரைச் சொல்லி, ஒரே இழுப்பில் அறுத்தான். காய்ந்த மண் ரத்தத்தை மெதுவாகத்தான் குடித்தது.

"என்னடா இது, கோழி?" என்றான் மிஸ்யான். "ரத்தம் போட்டுக் கேக்குறவன் எருதோட வருவான்."

"எருதைப் போன வருஷமே தின்னு தீத்துட்டோம் அண்ணே" என்றான் புஸியான். "ரத்தம் சிவப்பாத்தானே இருக்கு, நல்லாப் பாத்துக்குங்க."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அதிகாரி ஹாரனை அடித்தான். மிஸ்யான் கையை உயர்த்தி அவனை நிறுத்தினான்.

"யாரைக் கேக்குறீங்க?"

"ஷயிப் மகன் ஹத்தூவை" என்றேன்.

லாரிமேலிருந்து ஹத்தூ திரும்பாமலே சொன்னான்: "நான் இறங்க மாட்டேன். இறங்கினா இன்னும் ரெண்டு அடி கட்டிப் பாடுவா."

"பாடினது தப்பு ஹத்தூ. சந்தையே கேக்கட்டும். தப்பு." என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை.

"இறங்குடா" என்றான் மிஸ்யான். "ரத்தம் போட்டாச்சு. இனிமே நீ காலைப் பிடிச்சாலும் உன்னை ஏத்த முடியாது." ஹத்தூ குதித்தான். என் நெஞ்சு ஒரு மூச்சு அளவுக்கு லேசானது. அதற்குள் மிஸ்யான் எங்கள் பக்கம் குனிந்து, கூட்டத்துக்குக் கேட்காத குரலில் பேசினான். "தாளுல நாப்பது பேரு இருக்கு. அந்தாளு நாப்பது தலையை எண்ணிட்டுத்தான் வண்டிய எடுப்பான். ஒண்ணு குறைஞ்சா என் தோலை உரிப்பான். பேரை எல்லாம் மாத்த முடியாது, துறைமுகத்துக்குக் கணக்குப் போயிடுச்சு. தலைதான் வேணும். கேட்டவங்களே வழி சொல்லுங்க."

புஸியான் கத்தியைத் தன் அங்கியில் துடைத்து, பிடி என் பக்கமாக இருக்கும்படி நீட்டினான்.

"கேட்டது நம்ம வீடு. அப்போ குடுக்குறதும் நம்ம வீடாத்தானேக்கா இருக்கணும்?"

"வேணாம்டா."

"கொஞ்ச நாளைக்கு நான்தான் ஹத்தூ. இவனை மாதிரி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கணும், அதுதான் கஷ்டம்." சிரித்தான். பிறகு என் காதருகே வந்தான். "அம்மாகிட்ட படையில சேந்துட்டேன்னு மட்டும் சொல்லு. இன்னொருத்தன் பேருல போனேன்னு சொல்லாத. அபசகுனம்னு இன்னிக்கே ஒப்பாரி வெப்பா."

ஹத்தூ அவன் தோளைப் பிடித்து இழுத்தான். அவன் விலக்கிவிட்டு ஏறிக்கொண்டான். லாரி பின்னால் நகர்ந்து, ரத்தத்தைச் சுற்றிக்கொண்டு போனது.

அந்த இலையுதிர்காலத்தில் ஹத்தூ என்னைக் கட்டிக்கொண்டான். ஆசைப்பட்டது கிடைத்த பிறகும் சோறு இறங்காமல் வாழ முடியும் என்று அப்போது தெரிந்துகொண்டேன். நாங்கள் சண்டை போட்டதில்லை. சண்டை போட்டால் எந்தப் பேச்சு வரும் என்று இருவருக்கும் தெரியும். ஒரு தடவை, போரில் கால் போய்த் திரும்பிய ஒருவன் சொன்னான்: "நல்ல பையன். ஹத்தூன்னு கூப்பிட்டா மட்டும் கொஞ்சம் நின்னுதான் திரும்புவான்." அன்று என் புருஷன் சாப்பிடவில்லை.

இரண்டாம் வருஷம் ஒரு வியாழக்கிழமை, நண்பகலுக்கு முன்பே ஹத்தூ சந்தையிலிருந்து வந்துவிட்டான். ஓடி வந்திருந்தான். கூடை காலி.

"செத்தவங்க தாளுல என் பேரைப் படிச்சாங்க" என்றான். "ஷயிப் மகன் ஹத்தூ. ஏதோ பெரிய ஆத்தங்கரையிலயாம்."

அழக்கூட நேரம் இல்லை. எங்கள் மலையில் சேதி காலால் நடப்பதில்லை, உச்சிக்கு உச்சி கத்தியே கடத்திவிடுவார்கள். சந்தையில் பெயரைக் கேட்ட எவனோ ஒருவன், எந்த ஹத்தூ, எங்கே செத்தான் என்று யோசிக்காமல் கத்தியிருக்கிறான். சரிவின் கீழே அழுகைச் சத்தம் கேட்டது. என் அம்மாவின் குரல்.

"என் மகளை நட்டாத்துல விட்டுட்டுப் போயிட்டியே! என் ராசா, ஹத்தூ!"

கன்னத்தை நகங்களால் கிழித்துக்கொண்டே ஏறி வந்தாள். தலைத்துணி அவிழ்ந்து தோளில் கிடந்தது. முற்றத்துக்குள் நுழைந்தவள், வாசலில் நின்ற ஹத்தூவைப் பார்த்து அப்படியே நின்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். ஓடிப்போய் அவன் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து முத்தமிட்டாள்.

"எந்தப் பொய்யன்டா உன்னைச் சாகடிச்சான்? அவன் நாக்கு அழுக! புஸியான் வந்து மச்சான் எங்கன்னு கேட்டா நான் என்னடா பதில் சொல்லியிருப்பேன்?"

ஹத்தூ என்னைப் பார்த்தான். மலை முழுக்க வாய்க்குப் பேர்போன எனக்கு ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை.

"என்னடி மரமாட்டம் நிக்கிற? செத்துப் பொழைச்சிருக்கான். கோழி அடிக்க வேணாமா?" சுவரில் செருகியிருந்த கத்தியை உருவி ஹத்தூவின் கையில் திணித்தாள். "இந்தா, நீயே அறு."

புஸியானின் கத்தி. ஹத்தூ அதைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான். அம்மா, கன்னத்தில் ரத்தம் வழிய, சிரித்துக்கொண்டே முற்றம் முழுக்கக் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள்.