ஃபின்டனுக்குத் துணை

பேருந்து வந்து நின்றதும் அட்ராக்டா எழுந்து நின்றாள். கதவு திறந்து உள்ளேயிருந்த குளிர்காற்று அவள் முகத்தில் பட்டது. ஒரு கணம் கண்ணை மூடி அதை வாங்கிக்கொண்டவள், ஓட்டுநரைப் பார்த்து வேண்டாமென்று தலையாட்டினாள்.

"இன்னிக்குமா?" ஓட்டுநர் ஸ்டீயரிங் மேல் சாய்ந்துகொண்டார். "நேத்து என் வண்டி மட்டும் மூணு தடவ வந்துச்சு. மூணையும் அனுப்பிட்டீங்க. நாப்பது டிகிரி அடிக்குதும்மா. சும்மா ஏறி உக்காருங்க. பூங்காவரைக்கும் போய்ட்டுத் திரும்ப இங்கயே இறக்கி விடுறேன்."

"ஒருத்தருக்குத் துணையா இருக்கேன்."

ஓட்டுநர் நிழற்குடையின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். அவளைத் தவிர அங்கே யாருமில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

வண்டி விலகியதும் எதிர்ப்பக்கத்துக் கட்டடம் மறுபடி தெரிந்தது. தாழ்வான செங்கல் கட்டடம். வாசலில் யாரோ அளவெடுத்து வெட்டியதுபோல வெள்ளை ரோஜாச் செடிகள். இறந்தவர்களைச் சடங்குவரை வைத்திருக்கும் இடம் அது; பல் மருத்துவமனை என்று சொன்னால்கூட நம்பிவிடலாம். அதற்குள் எங்கோ குளிர் அறையில் அவளுடைய தம்பி ஃபின்டன் இருந்தான். போன வியாழக்கிழமை இறந்தவன். வரும் திங்கட்கிழமைதான் இறுதிச் சடங்கு. மயானத்து ஆலயத்தில் அன்றைக்குத்தான் நேரம் கிடைத்ததாம். இங்கே அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அயர்லாந்தில், அவள் ஊர்ப் பக்கமான மேயோவில் இப்படி நடக்காது. இறந்தவர் இரண்டு இரவு வீட்டிலேயே இருப்பார். அந்த இரண்டு இரவும் அவரருகே ஒரு நாற்காலி காலியாக இருக்காது. தேநீர் குடிக்கப் போகிறவர் இன்னொருவரை உட்காரவைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். ஏன் அப்படி என்று அட்ராக்டா யாரையும் கேட்டதில்லை. யாரும் அவளுக்குச் சொன்னதுமில்லை. மழை வந்தால் கதவைச் சாத்துவதுபோல அது பாட்டுக்கு நடக்கும்.

முப்பத்தொரு வருஷம் கழித்துத் தம்பியைப் பார்க்க ஆறு வாரப் பயணமாக வந்திருந்தாள். அவன் தொலைபேசியில் சொல்லிச் சொல்லியே ஆஸ்திரேலியாவின் இந்தப் பெர்த் நகரம் பாதி அவளுக்குத் தெரியும். ஆறு, அதில் கறுப்பு அன்னங்கள், ஃப்ரீமேன்டிலில் மீன் வறுவல், தீவுக்குப் போகும் படகு. வந்த நாளிலிருந்து வெயில் கொளுத்தியதால், "நாளைக்குப் போலாம், நாளைக்குக் குறையும்" என்றே ஐந்து நாள் ஓடியது. அந்த ஐந்து நாளும் இருவரும் வீட்டுப் பின்புறத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஆறாம் நாள் காலையில், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனவன் சிமென்டுத் தரையில் விழுந்துவிட்டான்.

அவன் மனைவி ரேலீன் அப்போது வேலைக்குப் போயிருந்தாள். அட்ராக்டா வீட்டில்தான் இருந்தாள். பயணக் களைப்பு தீராமல் பத்து மணிவரை தூங்கினாள். அவள் படுத்திருந்த அறையின் ஜன்னலிலிருந்து அவன் விழுந்த இடம் இருபது தப்படி தூரம்தான்.

கைப்பையில் தொலைபேசி அடித்தது. ஊரிலிருந்து பக்கத்து வீட்டு நூலா. அங்கே இன்னும் விடிந்திருக்காது.

"அடியே, யாரு அவன்கூட உக்காந்திருக்கா?" நூலா வணக்கமெல்லாம் சொல்கிறவள் இல்லை.

"மாத்தி மாத்தி உக்காந்துக்கிறோம்."

"யார் யாரு?"

"நானு. அவன் பொண்டாட்டி. அப்புறம் கெவ்வுன்னு ஒருத்தன், அவனோட சிநேகிதன்."

"கெவ்வா? அவன் எந்தச் சபை?"

"அவன் பிளம்பர்."

நூலா சற்று யோசித்தாள். "சரி, ஆள் இருந்தா போதும். நீ ஏதாச்சும் சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்" என்றாள் அட்ராக்டா. அதுவும் பொய்தான்.

ஒரு மணி வாக்கில் எதிர்க் கட்டடத்திலிருந்து ஒரு பெண் தண்ணீர் பாட்டிலோடு சாலையைக் கடந்து வந்தாள். அகன்ற தோள்கள், சாம்பல் நிறச் சீருடை, சட்டையில் மிரியாமா என்று பெயர்ப்பட்டை.

"ஆன்ட்டி, நேத்துலேர்ந்து உங்கள ஜன்னல் வழியா பாத்துட்டே இருக்கேன். இந்த வெயில்ல நீங்களும் விழுந்துட்டா அப்புறம் உங்களையும் நாங்கதான் உள்ள தூக்கிட்டுப் போகணும். குடிங்க மொதல்ல."

அட்ராக்டா குடித்தாள். "உள்ள என் தம்பி இருக்கான். ஃபின்டன் கார்வி."

"நேத்தே வந்து கேட்ருக்கலாமே?"

"கேட்டேன். அவன் சம்சாரத்தோட கையெழுத்து வேணும்னாங்க வரவேற்புல இருந்தவங்க. அவ யாரும் பாக்க வேணாம்னு எழுதிக் குடுத்திருக்கா."

மிரியாமா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "உங்க பக்கம் எத்தன நாளு?"

எதைக் கேட்கிறாள் என்பதை விளக்கவேண்டியிருக்கவில்லை. "ரெண்டு ராத்திரி."

"நாங்க நியூசிலாந்து மாவோரி ஆளுங்க. எங்களுக்கு மூணு நாளு. அவங்க பக்கத்துலயே பாய் போட்டுத் தூங்குவோம். சின்னப் பசங்க ஓடி வெளையாடும், பெருசுங்க பழைய சண்டையெல்லாம் போடும்." அவள் சிரித்தாள். "இந்த வேலைக்குச் சேந்த புதுசுல சாயங்காலம் விளக்க அணைச்சுட்டு வீட்டுக்குப் போகவே எனக்குக் காலு வராது. இப்பவும் போகும்போது எல்லாருக்கும் சொல்லிட்டுத்தான் போறேன். மேனேஜருக்குத் தெரியாது."

"அவனுக்கும் சொல்றியா?"

"பேரு சொல்லித்தான் சொல்றேன் ஆன்ட்டி."

அட்ராக்டா கைக்குட்டையை எடுத்தாள். அதை மடித்தாள், மறுபடி பைக்குள் வைத்தாள்.

"நான் உங்கள உள்ள விட முடியாது, வேலை போயிடும்" என்றாள் மிரியாமா. "ஆனா இங்க எதுக்கு உக்காரணும்? வாங்க."

கட்டடத்தின் பக்கவாட்டில் ஒரு சந்து இருந்தது. சுவரை ஒட்டி ஒரு இயந்திரம் தாழ்ந்த குரலில் முனகிக்கொண்டிருந்தது. மிரியாமா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து நிழலில் போட்டாள். "இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம்தான். மூணு மணிக்கு டாக்டர் வந்துடும், அப்புறம் கஷ்டமில்ல." பிற்பகலில் கடலிலிருந்து வரும் காற்றை ஊரே அப்படித்தான் அழைக்கும். "ஆனா ஆன்ட்டி, உங்க தம்பி சம்சாரத்துகிட்ட நீங்களே கேட்டுடுங்க. செவுத்துக்கிட்ட எத்தன நாள் உக்காருவீங்க?"

அட்ராக்டா சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். செங்கல் சுட்டது. அந்தச் சூடு எவ்வளவு ஆழம்வரை போகும், எந்த இடத்தில் குளிராக மாறும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். ஐந்து மணிக்கு உள்ளே விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தபோது எழுந்து, வீட்டுக்குப் போகும் பேருந்தில் ஏறினாள்.

வீட்டுக் குளிர்பெட்டி நிறைய அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுத்த லசான்யா தட்டுகள். ரேலீன் ஒன்றைச் சூடாக்கி, இரண்டு பேருக்கு வெட்டி வைத்தாள். கழுத்துவரை வெட்டிய தலைமுடி, வெயிலில் பழுத்த கைகள். கணவன் போன மறுநாளே, சும்மா இருக்க முடியவில்லை என்று அவனுடைய காலணிகளையெல்லாம் துடைத்து வரிசையாக வைத்தவள். அட்ராக்டாவுக்குப் பேருந்து அட்டையும் வரைபடமும் வாங்கிக் கொடுத்து, "நீ வீட்டுக்குள்ளயே உக்காந்திருந்தா ஃபின்டனுக்குப் பிடிக்காது. ஊரச் சுத்திப் பாரு" என்று அனுப்பியவளும் அவள்தான்.

"இன்னிக்கு எங்க போன?"

"ஆத்தங்கரைக்கு."

"அன்னம் பாத்தியா?"

"பாத்தேன். ஏழெட்டு இருந்துச்சு."

ரேலீன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "கெவ் போன் பண்ணான். ரெண்டு நாளா நீ ஒரே பஸ் ஸ்டாப்ல உக்காந்திருக்கியாம். பாவம், எந்த பஸ்ல ஏறணும்னு தெரியாமத் தவிக்குதோ என்னமோ, போய்க் கூட்டிட்டு வரவான்னு கேட்டான்." உப்புக் குடுவையை நகர்த்தி வைத்தாள். "எந்த ஸ்டாப்புன்னும் சொன்னான்."

அட்ராக்டா தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவன் அங்க தனியா இருக்கான், ரேலீன்."

"அவன் இப்ப அங்க இல்ல."

"எங்க வழக்கத்துல—"

"உங்க வழக்கம் எனக்குத் தெரியும். முப்பது வருஷமா கேட்டிருக்கேன். அம்மா செத்தப்ப பிளைட்டு கிடைக்காம, இதே மேஜைல உக்காந்து ராத்திரி பூரா அழுதான். நான்தான் கூட இருந்தேன்." ரேலீனின் குரல் உயரவில்லை, வறண்டுபோயிருந்தது. "எனக்கு அந்த மூஞ்சி வேணாம். காலைல நான் வேலைக்குக் கெளம்பும்போது, பால் வாங்கிட்டு வான்னு கத்தினான் பாரு, அந்த மூஞ்சி போதும். அதையும் எடுத்துக்கணுமா உனக்கு?"

"இல்ல."

"வேற எதுக்கு?"

அட்ராக்டா தட்டை ஓரமாகத் தள்ளினாள். பிறகு சொன்னாள். "அன்னிக்கு நான் தூங்கிட்டு இருந்தேன்."

ஐந்து நாளாக அந்த வீட்டில் யாரும் சொல்லாமல் சுற்றி நடந்துகொண்டிருந்தது அது. இப்போது மேஜைமேல், லசான்யாவுக்கும் உப்புக் குடுவைக்கும் நடுவில் கிடந்தது. ரேலீன் அவளை நிமிர்ந்து பார்த்தாள். இல்லை என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. எழுந்து இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்தாள். கழுவி முடித்த பிறகும் அங்கேயே முதுகைக் காட்டி நின்றிருந்தாள்.

மறுநாள் காலையில் வரைபடமும் பேருந்து அட்டையும் மேஜைமேல் இல்லை. வாசலில் கார் உறுமிக்கொண்டிருந்தது. ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது ரேலீன், "தொப்பி போட்டுட்டுப் போயிருக்கலாம்ல. மூக்கு உரிஞ்சிருக்கு" என்றாள்.

வரவேற்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவள் காருக்குத் திரும்பிப் போனாள்.

மிரியாமா கதவைத் திறந்துவிட்டாள். சின்ன அறை. பழுப்புத் திரை. ஃபின்டன் அவனுடைய நீலச் சட்டையில் இருந்தான். தலையை யாரோ தப்பான பக்கம் வகிடெடுத்து வாரியிருந்தார்கள். அட்ராக்டா விரலால் அதைக் கலைத்து, சின்ன வயதிலிருந்து இருந்த பக்கத்துக்கு மாற்றினாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவன் கைமேல் கை வைத்தாள். முதல் தொடுதலில் கை தானாகப் பின்வாங்கியது. மறுபடி வைத்து, அங்கேயே விட்டாள்.

"வந்துட்டேன்டா" என்றாள்.

பிறகு ஐந்து நாளில் பேசி முடிக்காமல் விட்டதிலிருந்து ஆரம்பித்தாள். மக்ஹேல் வீட்டுக் கூரையைக் காற்று தூக்கிப் போனது, புதுப் பாதிரியாருக்குப் பாட வராதது, பள்ளிக்கூடத்தில் இப்போது மொத்தம் ஒன்பது பிள்ளைகள்தான் என்பது. பதில் வராத இடங்களில் கொஞ்சம் நிறுத்தி, அவன் சிரிக்கும் அளவுக்கு நேரம் விட்டு, மேலே பேசினாள்.

நண்பகல் தாண்டியிருக்கும். கதவு தட்டப்பட்டது. ரேலீன். அதுவரை காரிலேயே வெயிலில் இருந்ததில் முகம் சிவந்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் காகிதத்தில் சுற்றிய ரொட்டி.

"ஹாம், தக்காளி" என்றாள். அட்ராக்டாவின் முகத்தை மட்டுமே பார்த்தாள். பார்வை வேறெங்கும் போகாமல் கழுத்தை விறைப்பாக வைத்திருந்தாள். "தின்னுட்டுப் பேசு. நேத்தும் நீ ஒண்ணும் சாப்பிடல."

அட்ராக்டா எழுந்து வாங்கிக்கொண்டாள். ரேலீன் போகவில்லை, உள்ளேயும் வரவில்லை.

அது தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. மெதுவாக மூடிக்கொண்டு வந்தது. ரேலீன் நடைபாதைச் சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டு, ஒரு காலை மட்டும் நிலைப்படிக்கு உள்ளே நீட்டி வைத்தாள். கதவு அவள் செருப்பில் வந்து முட்டி நின்றது.

"அப்புறம்?" என்றாள். "அந்தப் பாதிரியாருக்கு என்ன ஆச்சு?"