வேலியில் ஒரு பிள்ளையின் அகலம்

வெள்ளவத்தையில் கடற்பக்க ஒழுங்கையொன்றில் பழைய வீடு வாங்கிக் குடிவந்த அம்னாவுக்கு முதலில் கண்ணில் பட்டது, பக்கத்து வளவோடு ஒட்டிய செவ்வரத்தைச் செடி வேலியில் இருந்த ஓட்டைதான். ஒரு பிள்ளை நுழையலாம், பெரியாள் முடியாது.

அதை அடைக்கத் தடிகள் நட்டாள். துளிர் விட்ட மறுநாள் காலை எல்லாம் சாய்வாக வெட்டுப்பட்டுக் கிடந்தன. திரும்ப நட்டாள். திரும்பவும் அதே வெட்டு.

பக்கத்து வீட்டில் சாமினி தனியாக இருந்தாள். வங்கியில் வேலை, ஐம்பதை நெருங்கும் வயது. அம்னா போய்க் கேட்டாள்.

"சாமினி அக்கா, வேலிய நீங்களா வெட்டுற?"

சாமினி எட்டி வேலியைப் பார்த்தாள்.

"அம்மாதான் வெட்டுறவ. அவ செத்து ரெண்டு வருஷம்."

பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"எண்பத்திமூண்டு கலவரத்தில எங்கட வீட்டுக்கு முன்னால நெருப்பு வச்சவங்கள். அம்மா வேலைக்குப் போய்க் கந்தோரில. எனக்கு ஆறு வயசு, அண்ணாவுக்கு ஒன்பது. உங்கட வீட்டில அப்ப இருந்த சிங்கள ஆக்கள் அந்த ஓட்டைக்குள்ளால என்னை இழுத்தெடுத்தவை. கட்டியிருந்த நாயை அவிழ்த்திட்டு வாறன் எண்டு அண்ணா திரும்பிப் போனவர். நாய் வந்தது."

அண்ணனின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அவன் திரும்பி வருவான் என்று, தாய் சாகும்வரை அந்த இடத்தில் வேலியை வளரவிட்டதில்லை.

கதையைக் கேட்ட அம்னாவின் கணவன் ஷிஹான், வேலியைப் பிடுங்கி மதில் கட்டிவிடுவது என்று முடிவெடுத்தான். மேசன் பாஸ் வந்து அளந்தும் போனார். திங்கட்கிழமை வேலை தொடக்கம்.

ஞாயிறு பொழுதுபட, மஃரிப் நேரம், அம்னா கொடியிலிருந்து உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். காற்றே இல்லை. ஓட்டையின் இருபக்க இலைகளும் இடுப்பளவு உயரத்தில் விலகின, விலகியபடியே நின்றன. உள்ளே வரலாமா என்று யாரோ தயங்குவதுபோல். ஆளில்லை. எடுத்த உடுப்பைத் திரும்பக் கொடியில் போட்டாள். கடைசியில்,

"வாங்க மகன்," என்றாள்.

இலைகள் மெல்லச் சேர்ந்துகொண்டன.

"மதில் வாணாம்," என்றாள் ஷிஹானிடம்.

"ஒனக்குப் பயமில்லியா?"

"பயம் ஈக்கி. ஆனா அடைக்க ஏலா."

அந்தக் கிழமையே அவள் கத்தரிக்கோல் வாங்கி, ஓட்டைக்குள் நீண்ட கிளைகளை நறுக்கினாள். அதன்பிறகு காலையில் யாரும் வெட்டிப்போட்ட கிளைகள் கிடக்கவில்லை.

மழைக்காலத்தில் தெஹிவளையில் உம்மா வீட்டுக்குப் போனவள், நாலாம் நாள் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினாள்.

"எங்க இந்த மழையில?" என்றார் உம்மா.

"வேலி வளர்ந்திரிக்கும்," என்று சொல்லிக் குடையை எடுத்தாள்.