பேசிவைக்காத ஒரு கேள்வி

தொழிலாளர் துறை ஆய்வாளர் சலவைக்கடைக்குள் நுழைந்ததும் கடைக்காரர் செய்த முதல் வேலை, தேய்ப்பு மேசையில் நின்றவளை "அக்கா" என்று கூப்பிட்டதுதான். அதுவரைக்கும் அவள் அவருக்கு வெறும் "இந்தாம்மா".

முந்தின நாளே பேசிவைத்தாயிற்று. குறைந்தபட்சக் கூலியை அரசாங்கம் உயர்த்திவிட்டது. வீட்டு மனிதர்கள் கடையில் நின்றால் மட்டும் அந்தச் சட்டம் எட்டிப் பார்க்காது. "சட்டப்படி கொடுத்தா கடைய மூடணும். அப்புறம் உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல" என்றார். அது முழுப் பொய்யும் இல்லை. அடுத்த தெருவில் பெரிய இயந்திரம் வைத்த கடை வந்ததிலிருந்து வியாபாரம் படுத்துவிட்டது. ஆனால் மகனுக்குப் புது வண்டி வாங்க மட்டும் எப்படியோ முடிந்தது. அதைப் பற்றி நினைக்காமலிருக்க அவர் பழகியிருந்தார்.

"கூடப் பிறந்தவங்களா?" என்றார் ஆய்வாளர்.

"பெரியப்பா மக சார்."

"உங்களுக்குச் சம்பளம் எவ்வளவும்மா?"

"தம்பி கடையில நிக்கிறதுக்குச் சம்பளமா?" என்றாள் அவள், தேய்ப்புப் பெட்டியை நிறுத்தாமலே. "இவனை நான்தான் தூக்கி வளத்தேன்."

'இவன்' கடைக்காரருக்குச் சுருக்கென்றது. ஆய்வாளர் பேச்சுவாக்கில் கேட்பதுபோல அவர் பக்கம் திரும்பினார். "அக்காவுக்கு எத்தனை பிள்ளைங்க?"

அதை மட்டும் பேசிவைக்கவில்லை. என்றைக்கோ ஒரு பையனைப் பார்த்த ஞாபகம். "ஒரே பையன் சார்."

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஒரு பொண்ணும் இருந்தா சார். போன மழைக்காலத்துல காய்ச்சல்ல போயிட்டா. அந்தப் பேச்சை எடுத்தா தம்பி தாங்கமாட்டான். அதான் சொல்லல."

ஆய்வாளர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கிளம்பிவிட்டார்.

போன மழைக்காலத்தில் அவள் ஒரு வாரம் வரவில்லை. திரும்பி வந்தவளை, துணி மலையாகக் கிடக்கிறதென்று வாடிக்கையாளர்கள் முன்னால் அவர் கத்தினார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது "கதையெல்லாம் அப்புறம்" என்று உள்ளே போய்விட்டார். அந்த அப்புறம் வரவே இல்லை. தன்னைக் காப்பாற்ற அவள் சொன்ன பொய்யாக இது இருந்துவிடக் கூடாதா என்று மனம் கெஞ்சியது. கேட்டுவிடத் துணிவில்லை.

"அக்கா" என்றார்.

அவள் ஒரு சட்டைமேல் தண்ணீரைத் தெளித்து, காலரை உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தாள்.

"அவர் போயிட்டாரு, முதலாளி" என்றாள்.