பதினாறாவது பெயர்

கணவனின் முகம் பேருந்து நிறுத்தத் தூணில் இருக்கும் என்று வெலிச்காவுக்குத் தெரியும். ஒட்டச் சொன்னவளே அவள்தான். மெத்தோதி போய் அன்றோடு ஒன்பது மாதம். கோர்னி இஸ்வோர் என்ற அந்த ஊரில் செத்தவர்களை அவ்வளவு சுலபமாக விட்டுவிட மாட்டார்கள். நாற்பதாம் நாள், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒன்பதாம் மாதம், வருஷம் என்று ஒவ்வொரு தவணைக்கும் கறுப்புக் கட்டம் கட்டிய தாளில் படம் போட்டு ஊர் முழுக்க ஒட்டுவார்கள். அதனால் திங்கட்கிழமை காலை, தான் வேலை பார்க்கும் தபால் அலுவலகத்துக்குப் போகும் வழியில், அந்த முகத்தை அவள் எதிர்பார்த்துத்தான் வந்தாள். ஆனால் தூணைச் சுற்றி ஒன்பது பேர் நின்று வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்ததையோ, அவளைக் கண்டதும் அத்தனை பேரும் கப்சிப்பென்று ஒதுங்கி வழிவிட்டதையோ அவள் எதிர்பார்க்கவில்லை.

இடது மூலையில் சிலுவை. நடுவில் பேருந்து ஓட்டுநர் தொப்பியோடு மெத்தோதி, யாரோ சில்லறை சரியாகக் கொடுக்காதது போன்ற அவனுடைய வழக்கமான முகம். அதற்குக் கீழே தடித்த எழுத்தில்: 'பிப்ரவரி இருபது முதல் ஏழு நாள், பதினாறு பேர், கோஸ்டா ரிக்கா. மழைக்காடு, எரிமலை, அருவிக் குளியல். மரங்களுக்கு மேலே கம்பியில் தொங்கிப் பறக்கலாம். பொங்கிவரும் ஆற்றில் இரண்டு படகு, படகுக்கு எட்டுப் பேர். வர விரும்புவோர் வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்கவும்.' பிறகு ஒன்று முதல் பதினாறு வரை எண்கள், பதினைந்து வரைக்கும் எதிரே பெயர்கள், பதினாறு காலி. எல்லாவற்றுக்கும் அடியில், சாய்வெழுத்தில், 'ஆறாத் துயரத்துடன், குடும்பத்தார்.'

"அப்ப அவர அங்க கொண்டுபோயா மறுபடி அடக்கம் பண்ணப் போறீங்க?" என்று ரொட்டிக்கடைக்காரி மெல்லக் கேட்டாள். கிண்டல் இல்லை, பாவம், நிஜமாகவே கேட்டாள்.

வெலிச்காவின் கண் பதினைந்தாவது வரியில் நின்றுவிட்டது. 'வெலிச்கா (இன்னும் உறுதி சொல்லவில்லை).' இந்தத் தாள் நாற்பது இடத்தில் ஒட்டப்பட்டிருக்கும். செத்தவனின் குடும்ப வீட்டு வாசலில் முதலில் ஒட்டுவதுதான் முறை. குடும்ப வீட்டில் இருப்பவள் நாத்தனார் ஸ்தான்கா. இந்த ஊரில் வெலிச்கா பயப்படும் ஒரே ஆள்.

தப்பு நடந்த விதம் ரொம்பச் சாதாரணமானது. சனிக்கிழமை அச்சுக்கடை பாவ்லினிடம் அவள் இரண்டு காகிதங்களைச் சேர்த்துக் கொடுத்தாள். ஒன்று நினைவஞ்சலி, இன்னொன்று மலையேற்றக் கழகத்தின் பயண அறிவிப்பு. கூடவே இரண்டு படங்கள், ஒன்றில் மெத்தோதி, ஒன்றில் அருவி. இந்த ஊரில் ஒரு விதவை படத்தோடு அச்சுக்கடைக்கு வந்தால் எதற்கு என்று கேட்பது நாகரிகம் இல்லை. பாவ்லினும் கேட்கவில்லை. மேலே இருந்த காகிதத்தை எடுத்தான், கறுப்புக் கட்டத்துக்குள் போட்டான், விடியுமுன் பசை வாளியோடு கிளம்பிவிட்டான். மற்றது கழகத்து வாசலில் மட்டும் ஒட்டப்பட்டிருந்தது. பச்சைக் காட்டுக்கு நடுவே கொட்டும் அருவி, ஓரத்தில் இரண்டு கிளிகள், மேலே 'ஒன்பது மாதங்கள். உன் குரல் இல்லாத சமையலறை. உன் சாவிச் சத்தத்துக்குக் காத்திருக்கும் வெலிச்கா.' பிறகு அதைப் பார்த்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. இப்படியே அச்சடித்திருந்தால் மெத்தோதிக்குப் பிடித்திருக்கும் என்றுதான் தோன்றியது.

ஏனென்றால் பயணமே அவனுடைய பைத்தியம். முப்பத்தோரு வருஷம் கோர்னி இஸ்வோரிலிருந்து மாவட்டத் தலைநகருக்கும், அங்கிருந்து திரும்ப இங்கேயும் பேருந்து ஓட்டினான். முப்பத்தெட்டு கிலோமீட்டர். அலுக்கவில்லையா என்று கேட்டால், திரும்பி வரும்போது எல்லாம் எதிர்ப்பக்கமா இருக்கே என்பான். ஒரு பனிக்காலத்தில் வண்டி வானொலியில் யாரோ கோஸ்டா ரிக்காவில் ஒரு தவளை இருப்பதாகவும் அதன் வயிற்றுத் தோல் வழியாக இதயம் துடிப்பது தெரியும் என்றும் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். உலக வரைபடம் வந்து சாமான் அறைக் கதவில் ஏறியது. மஞ்சள் நிற மழைச் சட்டை இரண்டு வந்தது. தனியாகப் போக மனுஷனுக்குப் பிடிக்காது, பேருந்து ஓட்டிய புத்தி, வண்டி நிறைய ஆள் வேண்டும். மலையேற்றக் கழகத்தில் ஒவ்வொருவராகப் பிடித்துப் பட்டியல் போட்டான். முதல் பெயர் மெத்தோதி, இரண்டாவது வெலிச்கா.

நாலு வருஷம் வியாழன்தோறும் வாசகசாலையில் கூடிக் கூடித் திட்டம் போட்டார்கள். பாம்பு கடித்தால் என்ன செய்வது, பன்றித் தொத்திறைச்சியை விமானத்தில் விடுவார்களா, ராக்கியாச் சாராயம் எத்தனை புட்டி, குறட்டை விடுகிறவர்களை எந்த மரவீட்டில் போடுவது என்று ஏகப்பட்ட சண்டை. ஒரு வருஷம் ஊரடங்கு, ஒரு வருஷம் யாருக்கோ முழங்கால், ஒரு வருஷம் யாருடைய மகளுக்கோ பிரசவம். பயணம் தள்ளிப் போனதே தவிரத் திட்டம் நிற்கவில்லை. படகு ஓட்டப் பழக வேண்டும் என்று மெத்தோதி வாசகசாலை பெஞ்சுகளை இரண்டு படகாகப் போட்டு, ஆளுக்கொரு விளக்குமாறு கொடுத்து, கடைசியில் உட்கார்ந்துகொண்டு இடது, வலது என்று கத்துவான். எட்டுப் பேர் தரையைத் துழாவுவார்கள். வெலிச்கா அவனுக்கு முன்னால். தப்பாகத் துழாவினால் விளக்குமாற்றுக் காம்பு அவள் முதுகில் குத்தும். சரியாகத் துழாவினாலும் குத்தும். போன பிப்ரவரி இருபத்துமூன்றாம் தேதி வாசலில் பனியை அள்ளிக்கொண்டிருந்தவன் அப்படியே மண்வெட்டியின் மேல் சாய்ந்தான். மூன்று முறை தள்ளிப்போன பயணத்துக்கு இப்போது கிடைத்திருக்கும் ஒரே தேதி பிப்ரவரி இருபதிலிருந்து இருபத்தாறு. பதினாலு பேருடைய விடுப்பும் அந்த வாரத்தில்தான் பொருந்துகிறது. அதாவது முதல் வருஷத் திதி அதற்குள் வருகிறது.

தாளைப் பார்த்த அந்தத் திங்கட்கிழமை காலையில் வெலிச்கா வேலைக்குப் போகவில்லை. நேராகக் குடும்ப வீட்டுக்கு நடந்தாள். நடக்கவில்லை, ஓடினாள். தாமதம்தான். ஸ்தான்கா வாசல் கதவுக்கு எதிரே முக்காலி போட்டு, மூக்குக்கண்ணாடி மாட்டி, தாளைக் கடைசி எழுத்து வரைக்கும் படித்துக்கொண்டிருந்தாள்.

"பாவ்லின் மாத்தி அடிச்சுட்டான் அக்கா. நான் இப்பவே கிழிச்சிடுறேன்."

"கை வைக்காத. என் வாசல், என் தம்பி." ஸ்தான்கா கண்ணாடியைக் கழற்றவில்லை. "பதினஞ்சாவது யாருடி?"

"நாந்தான்."

"தேதி பாத்தியா?"

"பாத்தேன்."

"வருஷத் திதியன்னைக்குக் கோதுமைய வேகவெச்சு, சக்கரை தூவி, கல்லறையில வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் பொண்டாட்டி கையால ஒரு பிடி குடுக்கணும். நீ கம்பியில தொங்கிட்டுப் பறப்ப. ஊரு என் கிட்ட வந்து, எங்கடி உன் வீட்டு மருமகள்னு கேட்டா நான் மேல கையைக் காட்டணுமா?"

வேறு சமயமாக இருந்தால் வெலிச்கா சிரித்திருப்பாள். மூன்று மாதமாக மறைத்து வைத்திருந்தது இப்போது ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டிக் கிடக்கிறது, இனி மறைக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது.

"எனக்குப் போகணும் அக்கா," என்றாள். "அவன் இல்லாம எதுக்குப் போறேன்னு எனக்கே தெரியல. ஆனா போகணும். அந்த மஞ்சச் சட்டை கதவுக்குப் பின்னாடி தொங்குது. தெனம் பாக்குறேன். நாலு வருஷமா அந்த ஆத்துப் பேரைத்தான் சொல்லிச் சொல்லித் தூங்கினான். அந்த ஆத்துல ஒரு தடவ இறங்கிட்டா எனக்குப் போதும். இங்க கல்லறைக் கல்லுக்குப் பக்கத்துல நிக்கிறப்ப அவன் இருக்கான்னே எனக்குத் தோணல."

ஸ்தான்கா முக்காலியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அவன் அங்க போனதே இல்ல. அப்புறம் அங்க எப்பிடி இருப்பான்?" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். சத்தம் வராமல் சாத்தினாள், அதுதான் வெலிச்காவை அறைந்தது.

அன்று முழுக்க அவளும் பாவ்லினும் சுரண்டியை வைத்துக்கொண்டு ஊர் சுற்றினார்கள். பாவ்லின் வழி நெடுக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தான். பசை நல்ல பசை. முகம் ஒருபக்கம் கிழிந்து வரும், காது தூணிலேயே நின்றுவிடும். பாதிக்கு மேல் அவளால் முடியவில்லை, மிச்சத்தை அவனையே செய்யச் சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை வாசகசாலைக்குப் போனது, பயணத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிடத்தான். கழகத் தலைவர் லூபென் பல் மருத்துவர், மெத்தோதியின் பள்ளித் தோழர். பெஞ்சுகள் இரண்டு வரிசையாகக் கிடந்தன. பதினாலு பேரும் விளக்குமாற்றோடு உட்கார்ந்திருந்தார்கள். "வா வா," என்றார் லூபென். "உன் புருஷன் செத்தும் ஆள் புடிக்கிறான். நேத்து மட்டும் ஆறு பேரு என்னைக் கேட்டாங்க. அதுல நாலு பேரு, இது யாத்திரையா, பாதிரியார் கூட வர்றாரான்னு கேட்டாங்க. ஒருத்தனும் பேரு குடுக்கல." எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள். தலைநகர் சோஃபியாவில் இருக்கும் பயண ஏற்பாட்டுக்காரப் பெண் கறாராகச் சொல்லிவிட்டாளாம், வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பதினாறு பேர், இல்லையென்றால் அந்தத் தேதியை வேறு குழுவுக்குக் கொடுத்துவிடுவாள்.

"நீ வந்தாலும் பதினஞ்சுதான், ஒரு ஆளுக்காகக் கெஞ்சிப் பாக்கலாம்," என்றார் லூபென், குரலைத் தாழ்த்தி. "நீ வரலன்னா நான் அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணவே போறதில்ல. கூப்பிடுறது நீயா இருக்கட்டும், உன் நம்பரை அவகிட்ட குடுத்திருக்கேன். என்ன சொன்னாலும் சரிதான்."

இரண்டாவது படகில் இரண்டு இடம் காலியாக இருந்தது, ஒன்றன்பின் ஒன்றாக. அவள் முன்னிடத்தில் உட்கார்ந்தாள். யாரோ விளக்குமாற்றைக் கையில் கொடுத்தார்கள். லூபென் இடது என்றார், வலது என்றார். அவள் வேண்டுமென்றே தப்பாகத் துழாவினாள். முதுகில் ஒன்றும் குத்தவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லாமலே வீட்டுக்குத் திரும்பினாள். அன்று அவள் அழுதது, அடக்கம் நடந்த நாளில்கூட அழாத அழுகை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முடிவு செய்துவிட்டாள். நாலரை மணிக்குத் தபால் அலுவலகச் சன்னலைச் சாத்தி, மேல்கோட்டை மாட்டிக்கொண்டு குடும்ப வீட்டுக்கு நடந்தாள். போகவில்லை அக்கா, கோதுமை நானே வேகவைக்கிறேன், விட்டுவிடுங்கள் என்று சொல்ல வேண்டியது. அதற்கப்புறம் சோஃபியாவுக்கு ஒரு போன். அதற்கப்புறம் மஞ்சள் சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிட வேண்டியது. சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். சுலபமாகத்தான் இருந்தது.

குடும்ப வீட்டு வாசலில் தாள் அப்படியே இருந்தது. ஊரில் அது ஒன்றுதான் மிச்சம். ஐந்து நாள் ஈரத்தில் மெத்தோதியின் தொப்பி லேசாக ஊதியிருந்தது. வெலிச்கா கதவைத் தட்டக் கை ஓங்கினாள். ஓங்கிய கை அங்கேயே நின்றது. பதினைந்தாவது வரியில் 'இன்னும் உறுதி சொல்லவில்லை' என்பதன் மேல் பென்சிலால் ஒரு கோடு, தாள் பொத்துக்கொள்கிற அளவுக்கு அழுத்தி அடித்திருந்தது. பதினாறுக்கு எதிரே காலியாக இருந்த இடத்தில், பழைய காலத்து எழுத்தில், கொஞ்சம் நடுக்கத்தோடு, 'மெத்தோதி' என்று இருந்தது.

அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரியும். ஊறுகாய்ப் புட்டிகளில் வருஷா வருஷம் பார்க்கிற கையெழுத்து. கதவு இடுக்கு வழியாக உள்ளே பார்த்தாள். ஸ்தான்கா முற்றத்து மேசையில் கோதுமையைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். திதிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. பொறுக்கிய கோதுமையில் பெரும்பங்கு தவலையில் விழுந்தது. ஒரு பிடி, இரண்டு பிடி, பக்கத்தில் இருந்த சின்னத் துணிப்பையில் விழுந்தது, சட்டைப் பையில் அடங்குகிற அளவு பை.

கோட்டுப் பைக்குள் போன் அடித்தது. சோஃபியாப் பெண்.

"அம்மா, அஞ்சு மணியாகப் போகுது. நீங்க கூப்பிடுவீங்கன்னு பாத்தேன். கடைசியா எத்தன பேரு?"

"ஒரு நிமிஷம்மா," என்றாள் வெலிச்கா. "எண்ணிச் சொல்றேன்."

தெரியாத எண்ணிக்கையா. இருந்தாலும் கையுறையைக் கழற்றி, விரலை முதல் வரியில் வைத்து, லூபென், என்று தொடங்கினாள். தாள் சில்லென்று இருந்தது. ஒவ்வொரு பெயராக விரல் கீழே இறங்கியது. தன் பெயரில் ஒரு கணம் நின்று, இறங்கியது.

"அங்க அடுப்பு இருக்குமான்னு கேளு," என்று உள்ளே இருந்து ஸ்தான்காவின் குரல் வந்தது. தலை நிமிரவில்லை. "கோதுமைய ராத்திரியே ஊறவெச்சிடு. ஆத்துல அவனுக்குக் கொஞ்சம் போட்டுட்டு, மிச்சத்தைப் படகுக்காரனுக்கும் குடு."

"அம்மா, லைன்ல இருக்கீங்களா? எத்தன பேரு?"

வெலிச்காவின் விரல் கடைசி வரியில் இருந்தது. பென்சில் எழுத்து ஈரத்தில் விரலில் ஒட்டிக்கொண்டு லேசாகக் கலைந்தது. அவள் விரலை எடுக்கவில்லை.