விளக்கைத் தாழ்த்தாத குற்றம்

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். மின்பொறியியல் படித்தேன். அதனால் சொந்தத்தில் யார் வீட்டு டிவி ஓடாவிட்டாலும் எனக்குத்தான் போன் வரும். எது கெட்டாலும் பழியும் எனக்கே வரும். இந்த முறை பழி நியாயமானது. அம்மாவுக்குப் போலீஸ் எழுதிக் கொடுத்த அபராத டிக்கெட்டுக்குக் காரணம் என் லேப்டாப்.

அம்மா பெயர் மார்லிஸ் லாஹ்டி. வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, மாத்திரை கொடுக்கிற வேலை. முதல் வீட்டுக்கே நாற்பத்தொரு மைல். மிச்சிகனின் இந்த வடகோடியில் டிசம்பரில் காலை எட்டு மணிக்குத்தான் விடியும். அம்மா ஐந்தே முக்காலுக்குக் கிளம்புவாள். சாலையின் இரண்டு பக்கமும் காடு. போன நவம்பரில் எதிரே மரம் ஏற்றி வந்த லாரிக்காரனுக்குக் கண் கூசாமலிருக்க முன்விளக்கைத் தாழ்த்தினாள். அந்த நான்கு நொடியில் ஒரு மான் குறுக்கே வந்தது. மான் செத்தது, கார் செத்தது, அம்மாவின் தோளெலும்பு உடைந்தது.

என் முதல் வேலையில் சேர்த்த காசில் அவளுக்கு ஒரு ஜெர்மன் கார் வாங்கினேன். பழையது. ஆலங்கட்டி மழையில் கூரை முழுக்கக் குழி விழுந்திருந்ததால் எனக்குக் கட்டுப்படியானது. ஆனால் அதன் முன்விளக்கு சாதாரண விளக்கு இல்லை. முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா உண்டு. எதிரே விளக்கு தெரிந்தால் அந்த வண்டி இருக்கிற இடத்தை மட்டும் இருட்டாக்கும். மற்ற இடமெல்லாம் முழு வெளிச்சம். தாழ்த்தவே வேண்டாம்.

இந்த நாட்டு விதி அப்போது அப்படிப்பட்ட விளக்கை அனுமதிக்கவில்லை; அதனால் இங்கே விற்ற காரில் அது மென்பொருளால் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் பாலம் வரும். பாலத்துக்கு அந்தப் பக்கம் கனடா. அங்கே விற்ற அதே காரில், அதே பல்பு, அதே கேமரா, திறந்திருக்கிறது. இங்கே விதி பிற்பாடு மாறியது. ஆனால் பழைய கார்களைத் திறந்துவிட யாரும் திரும்பி வரப்போவதில்லை. மானுக்கு எல்லைக்கோடு தெரியுமா என்ன? எனக்கு வந்த கோபத்தில் லேப்டாப்பைக் காரில் செருகினேன்.

முதல் தடவை அவசரப்பட்டு, கார் முழுவதையும் கனடாக் கார் என்று அதன் கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை அம்மா ஓரங்கட்டி நிறுத்திப் போன் செய்தாள்.

"ஏன்டி, பின்னாடி ஏழு லாரி ஹாரன் அடிச்சுக்கிட்டே வருது. நான் அம்பத்தஞ்சுலதானே போறேன்?"

"அம்பத்தஞ்சு என்னம்மா?"

"அம்பத்தஞ்சுன்னா அம்பத்தஞ்சுதான். அதுல வேற என்ன இருக்கு?"

கிலோமீட்டர் இருந்தது. வேகமீட்டர் மைலை விட்டுக் கிலோமீட்டருக்கு மாறியிருந்தது. இந்தப் பக்கத்து ஆள் யாருக்கும் வரக்கூடிய தப்பு; படித்தவளுக்கு வந்திருக்கக் கூடாது. அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் பழையபடி மாற்றி, விளக்குப் பெட்டியை மட்டும் திறந்தேன்.

அடுத்த நாள் அம்மா சொன்னாள்: "பகல் மாதிரி இருக்குடி. ஓரத்துல மூணு மான் நின்னுச்சு. நிதானமா எண்ணிட்டுப் போனேன்."

மூன்று வாரம் கழித்து ஷெரிப் ஆபீஸ் போலீஸ்காரன், டெப்யூட்டி ட்ரஸ்காட், அவளை நிறுத்தினான். எதிர் வண்டிக்கு விளக்கைத் தாழ்த்தவில்லை என்று டிக்கெட். அந்த வருடம் வேகத்துக்காக ஏற்கெனவே ஒன்று வாங்கியிருந்தாள். இரண்டாவது டிக்கெட்டும் உறுதியானால், அவளை வேலைக்கு அனுப்புகிற ஏஜென்சி அவளைக் கார் ஓட்ட விடாது. கார் இல்லாமல் எங்கள் ஊரில் அந்த வேலை இல்லை. அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. வேறு வேலையும் இல்லை.

"அபராதத்தைக் கட்டிட்டு விட்டுடலாம்டி" என்றாள்.

"கட்டினா ஒத்துக்கிட்டதா அர்த்தம்மா."

விசாரணை கேட்டு எழுதினேன். அன்றைய கடைசி நேரம் வேண்டும் என்றும் எழுதினேன். நாலரை மணி கொடுத்தார்கள். எனக்கு வேண்டியது அதற்கடுத்த இருட்டு.

கோர்ட் வராந்தாவில் ட்ரஸ்காட் காபியோடு நின்றான். பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே.

"என்ன பிரென்னா, காலேஜ்ல சட்டமும் சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்ல. படிக்கச் சொல்லிக் குடுத்தாங்க. நீயும் டிக்கெட்ல எழுதின பிரிவை ஒருதடவை படிச்சுப் பாரு."

மாஜிஸ்ட்ரேட் வெஸினாவுக்கு அறுபது வயதிருக்கும். கோட்டுக்கு மேலே கோட்டு போட்டிருந்தார். ஹீட்டர் வேலை செய்யவில்லை. ட்ரஸ்காட் சொன்னதைக் கேட்டார். மேடேறி வந்த காரின் முழு வெளிச்சம் முகத்தில் அடித்ததாம். ஐந்து நொடி ஒன்றும் தெரியவில்லையாம்.

"நீங்க என்ன சொல்றீங்க, மார்லிஸ்?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் எழுந்தேன். "சார், ஒரே ஒரு கேள்வி. அப்ப இவரு வண்டியில விளக்கு எரிஞ்சுதா?"

ட்ரஸ்காட் காபியைக் கீழே வைத்தான். "வேகம் பார்க்க ஓரமா நின்னுக்கிட்டிருந்தேன். அணைச்சுத்தான் இருந்துச்சு."

"அப்போ இவரு எதிரே வரல சார். ஒளிஞ்சிருந்தாரு. சட்டத்துல எதிரே வர்ற வண்டியை ஓட்டுறவர் கண்ணு கூசக் கூடாதுன்னு இருக்கு. தாழ்த்துற ஸ்விட்சைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. கண்ணைப் பத்திதான் இருக்கு. வெளிய வாங்க, காட்டுறேன்."

"இந்தக் குளிர்லயா?"

"எங்கம்மா தினமும் இந்தக் குளிர்லதான் போறாங்க."

வெஸினா நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு தொப்பியை எடுத்தார்.

பனி தள்ளும் வண்டிகளின் கொட்டகைக்குப் பின்னால் நேரான சாலை, தெருவிளக்கு கிடையாது. முப்பது மைல் வேகத்தைத் தாண்டினால்தான் அந்த விளக்கு தன் வேலையைத் தொடங்கும் என்பதால் அம்மாவைக் காரோடு சாலையின் கோடிக்கு அனுப்பினேன். ட்ரஸ்காட் தன் காரைக் கிளப்பி வருவதற்குள் வெஸினா சாலையோரம் போய் நின்றுகொண்டார். நான் சொல்வதற்குள் அம்மாவும் புறப்பட்டுவிட்டாள். முழு வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. கையால் கண்ணை மறைத்துக்கொண்டு திரும்பினார்.

"பார்த்தீங்களா சார்?" என்றான் ட்ரஸ்காட், அப்போதுதான் வந்து தன் காரின் கண்ணாடியை இறக்கி.

நான் வெஸினாவிடம் ஓடினேன். "சார், இந்த விளக்கை லேப்டாப்ல திறந்துவிட்டது நான்தான். அது மனுஷனைப் பார்த்து ஒதுங்காது. விளக்கைப் பார்த்துத்தான் ஒதுங்கும். ரோட்டுல நடக்குற ஆளை அது நல்லாக் காட்டணும், மறைக்கக் கூடாது. வண்டிக்குள்ள உக்காந்து பாருங்க. விளக்கைப் போட்டுக்கிட்டு."

"இன்னொரு தடவை கண்ணு போச்சுன்னா, பொண்ணே, அபராதத்தை நீதான் கட்டணும்."

முன்னால் அவரும் ட்ரஸ்காட்டும் உட்கார்ந்தார்கள். மீதி இருந்தது பின்சீட்டுதான், கைதிகளை ஏற்றுகிற இடம். கம்பி வலைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். ட்ரஸ்காட் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக நகர்த்தினான். நான் அம்மாவுக்குப் போன் செய்தேன். "அதேதாம்மா. எதையும் தொடாத. வா."

தூரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. பெரிதானது. வெஸினா கையை முகத்துக்குத் தூக்கினார். தூக்கிய கை பாதியில் நின்றது.

வெளிச்சம் இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கத்து ஸ்ப்ரூஸ் ஊசியிலை மரங்கள் அடியிலிருந்து நுனிவரை தெரிந்தன. வலப்பக்கம் பனிமேட்டில் முயல் ஓடிய தடம்கூடத் தெரிந்தது. நடுவில் நாங்கள் மட்டும் கார் அளவுக்கு வெட்டி வைத்த நிழலில் இருந்தோம். அம்மா நெருங்க நெருங்க அந்த நிழல் எங்களை விடாமல் கூடவே நகர்ந்து வந்தது.

வெஸினா ஓரத்து மரத்தில் அறைந்திருந்த பலகையைச் சத்தமாகப் படித்தார்: "வெள்ளிக்கிழமை மீன் வறுவல். ஐந்து முதல் எட்டு வரை." பிறகு ட்ரஸ்காட் பக்கம் திரும்பினார். "உனக்குக் கண்ணு கூசுதா?"

ட்ரஸ்காட் முன்கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தான். அம்மா எங்களைத் தாண்டிப் போனாள். "இல்ல சார்" என்றான்.

"எனக்கும் இல்ல. மார்லிஸ் லாஹ்டி மேல குத்தம் இல்ல. தள்ளுபடி." வெஸினா கம்பி வலை வழியாக என்னைப் பார்த்தார். "லேப்டாப்ல நீ என்ன செஞ்சேங்கிறது இன்னைக்கு என் முன்னாடி இல்ல. அதுக்கு யாரும் டிக்கெட் எழுதல."

"எழுதட்டும் சார். அதையும் படிச்சுட்டு வர்றேன்."

அவர் சிரித்தாரா, குளிரில் இருமினாரா தெரியவில்லை. நான் இருந்த பின்சீட்டுக் கதவு உள்ளிருந்து திறக்காது. ட்ரஸ்காட் இறங்கி வந்து திறந்துவிட வேண்டியிருந்தது. திறந்தவன் கைப்பிடியை விடாமல் நின்றான்.

"பிரென்னா, என் பொண்டாட்டிகிட்டயும் இதே கார்தான் இருக்கு. அவளும் விடியறதுக்கு முன்னாடிதான் கிளம்புறா."

"அவங்களுக்குக் கிலோமீட்டர் தெரியுமா?"

"ஏன்?"

"சும்மா கேட்டேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் கொண்டுவா. காபி நீ வாங்கிட்டு வரணும்."

அம்மா காரைத் திருப்பிக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்தினாள். கண்ணாடியை இறக்கி மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். இரண்டு மூச்சு நேரம். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஏறுடி. காலைல அஞ்சே முக்காலுக்கு எனக்கு வேலை இருக்கு."