தையில் வரும்

"கெட்டி அட்டையிலும் கிடைக்கும். தையில் வரும்" என்று ஒற்றை விரலால் தட்டி அனுப்பிவிட்டுச் சுந்தரம்மாள் போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்தத் தலையணையில் கிடந்த அவள் கணவரின் தலை குளிர்ந்துபோய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அவளுக்குத் தெரியும். அஞ்சரை மணிக்கு வழக்கம்போல அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வந்தபோதே கைக்குத் தெரிந்துவிட்டது. அவர் கண்ணை மூடிவிட்டாள். வாய் திறந்துகொள்ளாமல் ஒரு துண்டை மடித்துத் தாடையோடு சேர்த்துக் கட்டினாள். அடுத்து என்ன செய்யவேண்டும் என்பதும் தெரியும். கோயம்புத்தூரில் இருக்கும் மகனைக் கூப்பிடவேண்டும், பக்கத்து வீட்டு முத்துத்தாயின் கதவைத் தட்டவேண்டும். எழுந்திருக்கப்போன நேரத்தில்தான் போன் உறுமியது. ராஜபாளையத்திலிருந்து ஒரு வாசகர். 'வணக்கம் ஐயா. மூன்றாம் பாகம் எப்போது? கெட்டி அட்டையில் கிடைக்குமா?' கேட்ட மனுசரைக் காக்கவைக்க அவளுக்கு மனசு வரவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தினசரி வேலையை முதலில் முடித்தாள். மணி ஆறு பத்து.

செத்துக் கிடந்த மாயகிருஷ்ணன் கோவில்பட்டித் தபாலாபீசில் முப்பத்திரண்டு வருசம் குமாஸ்தாவாக இருந்தவர். ஆட்டுக்கிடை போட்டுப் பிழைத்த குடும்பத்தில் முதன்முதலாக அரசாங்கச் சம்பளம் வாங்கிய ஆள். ஓய்வு பெற்ற மற்றவர்கள் கோயில் குளம் என்று கிளம்ப, இவர் மட்டும் பாளையக்காரர்களையும் அவர்களுடைய குதிரைகளையும் கட்டிக்கொண்டு அழுதார். 'நாகலாபுரத்துக் குதிரைகள்' நாவல் இரண்டு பாகம் வந்து, யாரும் எதிர்பாராத மாதிரி ஊர் ஊராக விற்றது. இரண்டாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் பாளையக்காரரின் தம்பி பெத்தண்ணன் ஒரு தானியக் குழிக்குள் இறங்கி ஒளிகிறான். மேலே கல்மூடி. மூடிக்கு மேலே எதிரிப் படை கூடாரம் அடிக்கிறது. அதோடு கதையை நிறுத்தி, அதற்கும் கீழே தன் போன் நம்பரையும் அச்சடித்து வைத்துவிட்டார் மனுசர்.

மூன்றாம் பாகம் நாற்பது பக்கம் ஆனபோது பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் ஒரே நாளில் போய்விட்டன. பெத்தண்ணன் வெளியே வந்தானா இல்லையா என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொல்ல அவரிடம் வாய் இல்லை.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் ஒரு வாசகி கேட்டாள், மூன்றாம் பாகம் எப்போது ஐயா என்று. விளக்கம் சொல்லத் தெம்பில்லாமல் சுந்தரம்மாள் 'தையில் வரும்' என்று போட்டுவிட்டு, போட்டதை அவரிடம் வாசித்தும் காட்டினாள். அதுவரை கூரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்தார். இடது கன்னம் லேசாக ஏறியது. அன்றைக்குப் பிடித்த பழக்கம். அதன் பிறகு இரண்டு தை வந்து போயின. தினமும் காலையில் கஞ்சி கொடுத்த கையோடு வாசகர்களின் கேள்விகளை அவருக்கு வாசித்துக் காட்டுவாள். கிண்டிலில் உண்டா? பிடிஎஃப் அனுப்ப முடியுமா? சிங்கப்பூருக்குத் தபால் செலவு எவ்வளவு? கண் தெரியவில்லை, பெரிய எழுத்தில் போடுவீர்களா? 'அந்தப் பையனை இன்னும் எத்தனை வருசம் குழிக்குள்ளேயே போட்டு வைப்பீர்கள்' என்று ஒரு தாசில்தார் சண்டைக்கே வந்தார். கிண்டில் என்பது தின்கிற பண்டமா கட்டுகிற துணியா என்று அவளுக்கு முதலில் தெரியாது. மருமகள் இந்துஜாவிடம் போனில் கேட்டுக் கேட்டுப் படித்துக்கொண்டாள்.

அவருக்காகத்தான் ஆரம்பித்தாள். போகப்போக அது அவளுக்கே வேண்டியதாகிவிட்டது. அந்த வீட்டில் வேறு யாரும் வேறு எதையும் கேட்பதில்லை. மகன் செல்வகணேஷ் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, "சாப்டியா, மாத்திர குடுத்தியா" என்பான். நல்ல பிள்ளைதான். ஆனால் இந்த வாசகர்கள் கேட்கிறமாதிரி, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அடுத்தது எப்போது அடுத்தது எப்போது என்று உயிரை வாங்குகிறமாதிரி அவளை வேறு யாரும் கேட்டதில்லை.

ஆறரைக்கு முத்துத்தாயின் கதவைத் தட்டினாள். தீப்பெட்டி ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், தூக்குவாளியை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"ஏ யக்கா, எப்ப? என்னைய ஒரு குரல் கூப்பிட்டிருக்கப்படாதா?"

"இப்பத்தான்" என்றாள் சுந்தரம்மாள்.

அதன்பிறகு வீடு அவள் கையில் இல்லை. டாக்டர் வந்தார், ஐஸ் பெட்டி வந்தது, தெருவை அடைத்துப் பந்தல் ஏறியது. ஐப்பசி மழை பெய்து விதைப்பு நடக்கிற சமயம் என்பதால் ஊர்க்காரர்கள் பத்து மணிக்கு மேல்தான் வரத் தொடங்கினார்கள். செருப்பில் அப்பிய கரிசல் மண் வாசல் முழுக்கத் திட்டுத் திட்டாகக் கிடந்தது. பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்வதையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டரைக்கு செல்வகணேஷ் மனைவியோடு வந்து சேர்ந்தான். அப்பாவின் காலடியில் விழுந்து அழுது, எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு காரியங்களைப் பார்க்கத் தொடங்கினான். பிற்பகலில் அவளைச் சமையல்கட்டுப் பக்கம் அழைத்துப் போனான்.

"எம்மா, அப்பா போனக் குடு. பேஸ்புக்குல போடணும்லா. வாசகருக்கெல்லாம் தெரியாண்டாமா?"

"நாளைக்குப் போடலாம்ல."

"நாளைக்கா? சாயங்காலம் எடுக்கப்போறோம். நாலு பேரு வரட்டும்."

அவன் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. தகவல் தெரிந்துவிட்டால் இனி யாரும் எதையும் கேட்கமாட்டார்கள் என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் புருசன் செத்த அன்றைக்கு இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பான். போனை எடுத்துக் கொடுத்தாள். அவன் விரல் ஓரிடத்தில் நின்றது.

"எம்மா, டாக்டர் அஞ்சு மணிக்கு முன்னாலயே முடிஞ்சிருக்கும்னாரு."

"ஆமா."

"நீ எப்பப் பாத்த?"

"அஞ்சரை இருக்கும்."

அவன் போனை அவள் பக்கம் திருப்பினான். "ஆறு பத்துக்கு, கெட்டி அட்டையில கிடைக்கும்னு அப்பா பதில் போட்டிருக்காவ."

அடுப்பில் யாரோ வைத்த காப்பித்தண்ணி பொங்கியது. அவள் போய்ச் சிம்மில் வைத்தாள்.

"ராஜபாளையத்துக்காரரு. கேட்டவியளுக்குப் பதில் சொல்லணும்லா" என்றாள்.

அவன் மேலே மேலே தள்ளிப் பார்த்தான். போன மாசம், போன வருசம், அதற்கும் முந்தின வருசம். "இம்புட்டும் நீயா?" என்று மட்டும் கேட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான்.

மூன்று மணிக்குத் தகவல் போனது. மாலை போட்ட படத்தோடு ஸ்டேட்டஸிலும் வைத்தான். அரை மணி நேரத்தில் இரங்கல்கள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்துவிட்டன. சாத்தூரிலிருந்து இரண்டு வாசகர்கள் மோட்டார் சைக்கிளிலேயே வந்துவிட்டார்கள், ஆளுக்கொரு புத்தகத்தைப் பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு. அவர்களில் இளையவன் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அவரையே பார்த்தான். பிறகு சுந்தரம்மாளைப் பார்த்தான். கேள்வி அவன் வாய்வரைக்கும் வந்ததை அவள் கண்டாள். கேளுய்யா, கேளு என்று மனசுக்குள் கெஞ்சினாள். அவன் மரியாதை தெரிந்த பையன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, துட்டி வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பதால் பேசாமல் போய்விட்டான்.

போனில் இருந்தவர்களுக்கு அத்தனை மரியாதை இல்லை. இந்துஜா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள். 'ஆழ்ந்த இரங்கல். மூன்றாம் பாகத்தை முடித்துவிட்டாரா?' 'பேரிழப்பு. மூன்று பாகமும் ஒரே தொகுப்பாக வருமா?' 'ஐயாவின் ஆன்மா சாந்தியடையட்டும். முன்பதிவு செய்தவர்களுக்குப் புத்தகம் உண்டா?' சுந்தரம்மாளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. செத்த பிறகும் விடமாட்டேன் என்கிறார்களே! அவர் கேட்டிருந்தால் கன்னம் ஏறியிருக்கும். ஆளில்லாத நேரம் பார்த்து ஒவ்வொருவருக்கும் பதில் எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். நாற்பது பக்கம் இருக்கிறது என்று சொல்லலாம். அதையாவது போடுவார்களா என்று அவர்கள் திரும்பக் கேட்பார்கள். அப்படியே போகும்.

நீர்மாலை எடுத்து வந்து, குளிப்பாட்டி, கோடி போர்த்தி, சங்கு ஊதத் தொடங்கியபோது செல்வகணேஷ் ஈரவேட்டியோடு அவளிடம் குனிந்தான். முகம் சிவந்திருந்தது.

"மனுசங்களாம்மா இவனுக? பொணத்த வீட்டுல வச்சிருக்கோம், பொஸ்தகம் எப்பங்கானுக. நான் எழுதிப் போட்டுட்டேன். மூணாம் பாகம் எழுதல, இனி வராது, தயவுசெஞ்சு யாரும் கேக்காதீகன்னு. இனி ஒருத்தன் ஒன்னையத் தொந்தரவு பண்ணமாட்டான்."

அப்போதுதான் சுந்தரம்மாள் அன்றைக்கு முதன்முதலாக வாய்விட்டு அழுதாள். அடக்கிவைத்த துக்கம் இப்போதாவது வெளியே வந்ததே என்று பெண்கள் அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். துக்கம்தான், அதில் பொய் ஒன்றும் இல்லை. நாற்பத்தொரு வருசம் கூட இருந்த மனுசனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தெரு முனை திரும்பும்வரை பார்த்தாள்.

மறுநாள் காலையில் ஆண்கள் எல்லாரும் சுடுகாட்டில் சாம்பலுக்குப் பால் தெளிக்கிற காடாத்துக்குக் கிளம்பிப் போனார்கள். இந்துஜா முத்துத்தாய் வீட்டில் இட்லி அவிக்க ஒத்தாசைக்குப் போயிருந்தாள். கட்டிலை நேற்றே கழற்றி வெளியே சாய்த்துவிட்டார்கள். கட்டில் கிடந்த இடத்தில் சுவரோரமாகச் சுந்தரம்மாள் உட்கார்ந்திருந்தாள். புரட்டிப்போட ஆள் இல்லை. கஞ்சி வேண்டியதில்லை. அஞ்சரைக்கு விழித்தவள் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள்.

மணி ஏழரை. வழக்கமாக இதற்குள் ஐந்தாறு கேள்வி வந்திருக்கும். போனில் ஒன்றும் இல்லை. சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது. அணைத்துப் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கேட்காதீர்கள் என்று சொன்னதும் எல்லாரும் எவ்வளவு ஒழுங்காகக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்! படிக்கிற ஜனங்கள், சொன்னால் புரிந்துகொள்கிறவர்கள். அவளுக்கு அவர்கள் எல்லார் மேலும் கோபம் வந்தது. பிறகு பயமாக இருந்தது. இனி இந்த வீட்டில் விடியும்போது எதற்காக எழுந்திருப்பது?

எட்டு மணிக்குப் போன் ஒரு தரம் அதிர்ந்தது.

குரல்பதிவு. புதியம்புத்தூர் சண்முகராஜ். ரெடிமேட் சட்டை தைக்கிற கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவன், மாசத்துக்கு ஒரு தரம் தவறாமல் கேட்பான். எழுதமாட்டான், எப்போதும் பேசித்தான் அனுப்புவான். அவனுக்கு பேஸ்புக்கும் கிடையாது, ஸ்டேட்டஸ் பார்க்கிற வழக்கமும் கிடையாது. அவள் அழுத்தினாள். பின்னணியில் பத்துப் பதினைந்து மெஷின்கள் ஓடும் இரைச்சலோடு அவன் குரல் வந்தது.

"அண்ணாச்சி, வணக்கம். சண்முகராஜ் பேசுதேன். மொதப் பாகத்த காதுலயே அஞ்சாவது வாட்டி கேட்டு முடிச்சுட்டேன். ரெண்டாம் பாகம் ஒலியில எப்ப வரும்? எனக்குக் கண்ணு துணியில இருக்கணும், காது சும்மாத்தான கெடக்கு? பெத்தண்ணன் என்ன ஆனாம்னு தெரியாம ஓடமாட்டேங்குது. யார்ட்டயும் கேக்காம வச்சிருக்கேன். நீங்க பதில் போடுங்க."

இரண்டாம் பாகமே இன்னும் அவனுக்கு வரவில்லை. அவன் கணக்கில் பெத்தண்ணன் குழிக்கு உள்ளேயே போகவில்லை, எங்கேயோ குதிரையில் வந்துகொண்டிருக்கிறான்.

'ஏற்பாடு நடக்கிறது' என்று எழுதுவதுதான் வழக்கம். விரல் எழுத்துகளுக்குப் போய், நின்று, பக்கத்தில் இருந்த மைக் படத்தை அழுத்தியது. இரண்டு வருசத்தில் அவள் குரல் ஒரு வாசகருக்கும் போனதில்லை. வாயைத் திறந்தாள். அவர் போய்விட்டார் என்று சொல்லவேண்டும். நொடிகள் எண்ணிக்கொண்டு ஓடின. விரல் விலகியது. பதினோரு நொடி, அப்படியே போய்விட்டது.

அவன் உடனே கேட்டுவிட்டான் போல. திரும்ப வந்தது.

"அண்ணாச்சி, பேச்சு ஒண்ணும் கேக்கலயே. பேன் ஓடுத சத்தம் மட்டுந்தான் வருது. இன்னொரு வாட்டி போடுங்க. ஒண்ணும் அவசரமில்ல, நான் ராத்திரி எட்டு மணி வரைக்கும் இங்கன மெஷின்லதான் இருப்பேன்."

சுந்தரம்மாள் சுவரைப் பிடித்து எழுந்தாள். மின்விசிறியை நிறுத்தினாள். இறக்கைகள் சுற்றி ஓயும்வரை நின்று பார்த்துவிட்டு, போனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.